பரண் ஏற ஒரு மடக்கு ஏணி
நாமே பொருத்தலாம், உத்தரத்தை மட்டும் வெட்டக் கூடாது

எல்லை தாண்டி வந்து கேரளத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில் இடப் பஞ்சம் தீராத ஒன்று. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாடகை ஓட்டு வீடானாலும் சரி, மூணாறு மலையில் லயத்து ஒற்றை அறையானாலும் சரி, கீழே மனிதர்களுக்கே இடம் போதாதபோது சாமான்கள் மேலே போகின்றன. நாம் பரண் என்கிறோம், மச்சு என்கிறோம். பக்கத்து வீட்டு மலையாளிகள் தட்டின்புறம் என்கிறார்கள்.

அங்கே என்னதான் இல்லை? பொங்கலுக்கு மட்டும் இறங்கும் வெண்கலப் பானை, இடவப்பாதி மழைக்கு முன் சேர்த்த விறகு, விலை ஏறட்டும் என்று வைத்த மிளகு மூட்டை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதில் தாத்தாவின் தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ். இது வெறும் காகிதக் குப்பை அல்ல. பட்டியல் சாதிச் சான்று கேட்டுப் போனால், 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கப்படுவது தோட்டத் தமிழர் பலருக்குப் பழகிப்போன சங்கடம். அந்த ஆதாரம் பெரும்பாலும் பரணில்தான் கிடக்கிறது.

அதை எடுக்க ஏறுவது யார்? குடும்பத் தலைவர் ஆபீஸிலோ ஆலையிலோ இருப்பார். ஏறுகிறவர் வீட்டு அம்மா. இல்லாவிட்டால், "எந்த மூலையில் வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லும் பாட்டி. பெட்டியின் மேல் முக்காலி, முக்காலியின் மேல் பெருவிரல். மலைப்பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு: மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியை வீட்டுக்குள் கொண்டுவந்து சாத்துவது. அது மரத்துக்கென்று பிறந்த ஏணி. கொடியும் கிளையும் அதை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் தரையில், வழுவழுப்பான உத்தரத்தில் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. ஆள் நடுவில் இருக்கும்போது உருண்டுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுந்து இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அவர்களிலும் 60 வயது தாண்டியவர்களே அதிகம். ஆகவே, பரணுக்கு நிலையான ஒரு ஏணி என்பது பணக்கார வீட்டு ஆடம்பரம் அல்ல. பாட்டியின் இடுப்பு எலும்புக்குச் செய்யும் பாதுகாப்பு.

மடக்கு ஏணி என்றால் என்ன?

மச்சில் ஒரு நீள்சதுரத் திறப்பு. அதற்கு ஒரு மரச்சட்டம். சட்டத்தில் கீல் போட்டுத் தொங்கும் ஒரு மூடிப்பலகை. பலகையின் முதுகில் மூன்றாக மடித்த ஏணி. கயிற்றையோ கொக்கியையோ பிடித்து இழுத்தால் பலகை இறங்கும், ஏணி விரியும். வேலை முடிந்ததும் மேலே தள்ளினால் மடிந்து மூடிக்கொள்ளும். பலகையும் ஏணியும் தடதடவென்று தலையில் விழாமல் இரு பக்கமும் சுருள்வில் தாங்கும். தரையில் ஓரங்குல இடமும் அடையாது.

இது முழு செட்டாகவே விற்பனைக்கு வருகிறது. மரத்திலும் உண்டு, அலுமினியத்திலும் உண்டு. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாள் பெரும்பாலும் அமெரிக்க வீட்டையோ ஐரோப்பிய வீட்டையோ மனத்தில் வைத்து எழுதியது. அமெரிக்க வீட்டில் மச்சுக்கட்டைகள் 16 அங்குலம் அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக அச்சடித்த மாதிரி இருக்கும். கீழே ஜிப்சம் அட்டை. நம் பாலக்காட்டு ஓட்டு வீட்டிலோ கட்டைகள் பனையாக இருக்கலாம், தேக்காக இருக்கலாம். இடைவெளி அன்றைய ஆசாரியின் மனம்போல. ஆகவே தாளை அப்படியே நம்பாமல் நம் வீட்டை முதலில் படிக்க வேண்டும்.

எந்த வீட்டுக்கு ஆகும், எதற்கு ஆகாது?

மரப்பலகை மச்சு உள்ள சொந்த ஓட்டு வீடு என்றால் தாராளமாகப் பொருத்தலாம். வாடகை வீடு என்றால் உடைமைக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும்.

தோட்டத்து லயம் வேறு சங்கதி. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. அந்த வீடு நம் உழைப்பின் பேரில் கிடைத்ததுதான் என்றாலும் கூரையும் மச்சும் நம்முடையவை அல்ல. அங்கே வெட்டு வேலை கூடாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளைபோடும் எண்ணமே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குத் தீராத கேடு. கான்கிரீட் வீட்டில் தளத்தை உடைத்துத் திறப்பு எடுப்பதும் கூடாது. உள்ளே ஓடும் கம்பிகளை அறுத்தால் தளத்தின் பலமே போய்விடும். இந்த வீடுகளுக்கு ஏற்ற எளிய வழியைக் கடைசியில் சொல்கிறோம்.

அளவு எடுக்கும் நாள்

முதல் ஞாயிற்றுக்கிழமை அளவு எடுப்பதற்கு மட்டும். மூன்று அளவுகள் வேண்டும்.

ஒன்று, தரையிலிருந்து மச்சுப் பலகையின் அடிப்புறம் வரை உயரம். ஒவ்வொரு செட்டும் இத்தனை உயரத்துக்கு மேல், இத்தனைக்குள் என்று குறித்தே வரும். அதற்கு வெளியே போனால் ஏணி எட்டாது. அல்லது வெட்டவே முடியாதபடி நீளும்.

இரண்டு, ஏணி விரிந்து நிற்கும் இடம். இந்த ஏணிகள் ஏறத்தாழ 65 பாகைச் சரிவில் நிற்கும். மச்சு 260 செ.மீ. உயரம் என்றால் ஏணியின் நீளம் சுமார் 287 செ.மீ.; அதன் கால், மேல் முனைக்கு நேர் கீழிருந்து சுமார் 121 செ.மீ. தள்ளி ஊன்றும். அதற்கப்பால் ஒரு ஆள் நின்று ஏற இரண்டடி வேண்டும். கதவு இடிக்கிறதா, அடுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

மூன்று, மேலே தலைக்கு இடம். ஓட்டுக் கூரை முகட்டில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். மங்களூரில் பாஸல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது முதல் இந்தக் கரையெங்கும் பரவிய ஓட்டுக் கூரைகள் மழைநீர் நிற்காமல் ஓடச் சரிவாகவே கட்டப்பட்டன. ஆகவே திறப்பு முகட்டுக்கு நேர் கீழே, முகட்டின் போக்கிலேயே நீளமாக இருக்கட்டும். ஓரத்தில் வைத்தால் கடைசிப் படியில் கைமரம் நெற்றியில் முத்தம் கொடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. அளவை சென்டிமீட்டரிலேயே எழுதுங்கள். கேரளத்துத் தச்சு முறையில் ஒரு கோல் என்பது 72 செ.மீ. அதில் 24 பங்கு ஒரு விரல். அதையே அங்குலம் என்றும் சொல்வார்கள். அதாவது பழைய முறை ஆசாரியின் அங்குலம் 3 செ.மீ., நம் டேப்பின் அங்குலமோ இரண்டரை செ.மீ. "22 அங்குலம்" என்று நாம் சொன்னால் நம் கணக்கில் 56 செ.மீ.; அவர் கணக்கில் 66 செ.மீ. இந்தப் பத்து சென்டிமீட்டரில் ஒரு நல்ல மரம் பாழாகிவிடும்.

உத்தரத்தைத் தொடாதே!

சுவருக்குச் சுவர் கிடக்கும் தடித்த மரம் உத்தரம். அதன் மேல் வரிசையாகக் கிடப்பவை மச்சுக்கட்டைகள். கட்டைகளின் மேல்தான் பலகை. நமக்கு வேலை பலகையில் மட்டும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே திறப்பு அடங்க வேண்டும்.

பரவலாகக் கிடைக்கும் ஒரு செட்டுக்கு வேண்டிய திறப்பு 57 செ.மீ. அகலம், 137 செ.மீ. நீளம். கட்டைகளுக்கு நடுவே 57 செ.மீ. இருந்தால் அதிர்ஷ்டம். குறைவாக இருந்தால் அகலம் குறைந்த செட்டைத் தேடுங்கள். "ஒரே ஒரு கட்டைதானே, அறுத்தால் என்ன?" என்று தோன்றும். அந்தக் கட்டை சுமந்த பாரம் எங்கே போகும்? இரு பக்கத்துக் கட்டைகளை இரட்டிப்பாக்கி, குறுக்கு மரம் கொடுத்து, பாரத்தை முறைப்படி மாற்றிய பிறகே ஒரு கட்டையை அறுக்கலாம். அது தேர்ந்த ஆசாரியின் வேலை. கூலி கொடுத்துச் செய்யுங்கள். உத்தரத்தையோ ஆசாரிகூட வெட்ட மாட்டார்; வெட்டுகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மரத்தின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். திருப்புளியின் முனையால் கட்டையைக் குத்துங்கள். சதசதவென்று உள்ளே போனால் கரையானோ ஈரமோ தின்றுவிட்டது என்று பொருள். அந்தக் கட்டையில் ஏணியைத் தொங்கவிடுவது ஆபத்து.

பொருத்தும் நாள்

இரண்டாம் ஞாயிறு. தனி ஆளாக ஆரம்பிக்க வேண்டாம். மர செட்டை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. மேலே போகிறவர் மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். எலிப்புழுக்கையும் வௌவால் எச்சமும் தூசியாகப் பறக்கும். குளவிக்கூடு உண்டா, மரநாய் குடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பழைய வீடுகளில் மின்கம்பி மச்சுக்கு மேல் மரப்பட்டைக்குள் ஓடும். ரம்பத்துக்கு அது தெரியாது.

முதலில் நாலு மூலையிலும் கீழிருந்து துளை போட்டு, மேலே போய், துளைகள் கட்டைக்கு உட்புறம்தான் விழுந்தனவா என்று பாருங்கள். பிறகு பலகையை அறுங்கள். திறப்பின் இரு தலைமாட்டிலும் கட்டையின் அதே உயரத்தில் குறுக்குச் சட்டம் வைத்து, இரும்பு எல்-பட்டையும் போல்ட்டும் போட்டு முடுக்குங்கள். இப்போது நாலு பக்கமும் பெட்டி மாதிரி ஆகிவிடும். மூலை சரியா என்பதற்கு மூலைமட்டம்கூட வேண்டாம். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் போதும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 57க்கு 137 திறப்பில் அது ஏறத்தாழ 148 செ.மீ. வரும். வித்தியாசம் இருந்தால் மூடி ஒரு மூலையில் இடிக்கும்.

அடுத்து, திறப்பின் இரு முனையிலும் அடிப்புறமாக ஒவ்வொரு பட்டியலை, திறப்புக்குள் சற்றே நீட்டி, தற்காலிகமாகத் திருகுங்கள். செட்டைத் தூக்கி இந்த உதட்டில் உட்கார வைத்துவிட்டால் கை ஓயும். நிதானமாக வேலை பார்க்கலாம். சட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள சந்துகளில் மெல்லிய ஆப்பு அடித்து, ரசமட்டம் வைத்துச் சரி பார்த்து, ஆப்பின் ஊடாகவே திருகாணியைச் செலுத்துங்கள்.

இங்கே மூன்று விதிகள். ஆணி கூடாது, ஆட ஆட அது உருவிக்கொண்டு வரும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணியும் கூடாது. அது கடினமாக இருந்தாலும் வளையாமல் பட்டென்று ஒடியும். செட்டுடன் வந்த தடித்த திருகாணியையே போடுங்கள். கீல் உள்ள பக்கமும் சுருள்வில் பிடிக்கும் இடமும் ஏணியின் முழு பாரத்தையும் வாங்குபவை. அங்கே ஒன்றுகூடக் குறையக் கூடாது. எல்லாம் முடுக்கிய பிறகே தற்காலிகப் பட்டியலைக் கழற்றுங்கள். சுருள்வில் இழுவிசையில் இருக்கும்போது அதன் கொக்கியைக் கழற்றுவதோ, அருகே விரல் வைப்பதோ வேண்டாம்.

காலை வெட்டுவதில்தான் உயிர்

பலர் கோட்டை விடும் இடம் இது. ஏணியின் கடைசிப் பகுதி வேண்டுமென்றே நீளமாக வரும். நம் வீட்டு உயரத்துக்கு நாம் வெட்டிக்கொள்ள வேண்டும்.

ஏணியை விரித்து, கடைசி மடிப்பை மட்டும் பின்னால் மடக்கி வையுங்கள். மேலே உள்ள பகுதியின் கோட்டிலேயே டேப்பை நீட்டி, தரை வரை அளங்கள். காலின் முன்விளிம்புக்குத் தனி அளவு, பின்விளிம்புக்குத் தனி அளவு. வலது காலுக்கும் இடது காலுக்கும் தனித்தனி அளவு. பழைய வீட்டுத் தரை கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் டேப்புக்குத் தெரியாது. முன், பின் அளவுகளை இணைத்துக் கோடு கிழித்தால் சாய்வான வெட்டு தானாக வரும். கோட்டுக்கு ஒரு நூல் வெளியே வெட்டி, வைத்துப் பார்த்து, பிறகு இழைப்புளியால் சரி செய்யுங்கள். வெட்டிய மரம் திரும்ப வளராது.

சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மடிப்பு மூட்டுகளைப் பாருங்கள். ஆள் ஏறி நிற்கும்போது மரத்தோடு மரம் பொருந்தி, நடுவே காகிதம் நுழையாமல் இருந்தால் சரி. பாரம் மரத்தின் வழியாக நேரே தரைக்குப் போகிறது. கால் குட்டையாகிவிட்டால் மூட்டு வாய்பிளக்கும். பாரமெல்லாம் கீலிலும் சிறு ஆணியிலும் தொங்கும். கால் நீளமாக இருந்தால் ஏணி மூட்டில் மேல்நோக்கி வளையும். இரண்டிலும் ஏணி முதல் நாள் தாங்கும், நூறாவது நாள் முறியும்.

சோதனை

முதல் பயணி மனிதர் ஆக வேண்டாம். ஓர் அரிசி மூட்டையைக் கடைசிப் படியிலிருந்து ஒவ்வொரு படியாக வைத்துப் பாருங்கள். சத்தம் வருகிறதா, சட்டம் நகர்கிறதா என்று மேலிருப்பவர் கவனிக்கட்டும். அதன் பிறகு வீட்டில் கனமானவர் ஏறட்டும். ஐரோப்பியத் தரப்படி பரண் ஏணிக்கு உச்ச பாரம் 150 கிலோ. ஆளும் கையில் உள்ள சுமையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. உங்கள் செட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு எல்லை.

ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகாணிகளையும் மறுபடி முடுக்குங்கள். நம் பக்கத்து மரத்துக்கு ஓய்வே கிடையாது. இடவப்பாதியில் ஊதும், பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில், கணவாய்க் காற்றில், சுருங்கும். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், திருப்புளியோடு ஒரு முறை ஏறி இறங்குவது நல்லது.

லயத்துக்கும் கான்கிரீட் பரணுக்கும்

இங்கே கொக்கி ஏணி போதும். முடிச்சில்லாத, நன்கு உலர்ந்த மரத்தில் இரண்டு கால். ஓரடிக்கு மிகாத இடைவெளியில் தட்டையான படிகள், காலில் பள்ளம் எடுத்துச் செருகியவை. விறகுக்கு வரும் யூகலிப்டஸ் கட்டையை ஏணிக்காலாக்க வேண்டாம். காயக் காய முறுக்கும், வெடிக்கும். ஏணியின் தலையில் இரண்டு இரும்புக் கொக்கிகள். பரண் விளிம்பில் அந்தக் கொக்கி மாட்ட ஒரு குழாயோ உறுதியான மரமோ. லயத்தில் இதற்குக்கூடப் புதிதாகத் துளைக்க வேண்டாம். இருக்கும் மரத்தில் மாட்டும்படி கொக்கியை வளைத்துக்கொள்ளலாம். அடியில் இரண்டு ரப்பர் துண்டு.

சாத்தும் கணக்கு எளிது: நாலுக்கு ஒன்று. பரண் 7 அடி உயரம் என்றால் ஏணியின் கால் ஒன்றே முக்கால் அடி தள்ளி ஊன்ற வேண்டும். அதைவிட நேராக நின்றால் ஆளோடு பின்னால் சாயும். அதைவிடச் சரிந்தால் அடி வழுக்கும். அந்த இடத்தில் தரையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் படிக்காத பாட்டிக்கும் கணக்கு தெரிந்துவிடும். வேலை இல்லாத நேரம் ஏணி சுவரில் படுக்கை வாட்டில் தொங்கட்டும்.

ஏறும் முறை

எந்த ஏணியானாலும் முகம் ஏணியைப் பார்க்க வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. இரண்டு கை, இரண்டு கால் என்ற நாலில் மூன்று எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். அப்படியானால் பானையை எப்படித் தூக்குவது? தூக்கக் கூடாது. மேலே ஒருவர், கீழே ஒருவர். அல்லது கூடையும் கயிறும். ஈரக்காலோடும், சேலை முந்தானை தொங்கவும் ஏறக் கூடாது. மேலே ஒரு விளக்கு அவசியம். திறப்பைச் சுற்றி மூன்று பக்கமும் கைப்பிடி அடித்துவிட்டால், இருட்டில் பின்னால் நகர்ந்தவர் குழியில் விழ மாட்டார். குழந்தைகள் இழுக்காதபடி கயிற்றைச் சுருட்டி உயரத்தில் மாட்டுங்கள்.

மச்சும் களஞ்சியம் அல்ல. கனத்த மூட்டைகளை நடுவில் குவிக்காமல் சுவரோரம், உத்தரத்துக்கு மேலாகப் பரப்புங்கள். அடிக்கடி வேண்டியதைத் திறப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஏறும் தடவை குறைந்தால் ஆபத்தும் குறையும்.

அந்தத் தகரப் பெட்டிக்கு ஒரு வார்த்தை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளமெங்கும் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்களும் சான்றிதழ்களும் நீரில் போயின. புதிய நகல்கள் கொடுக்க அரசு அதாலத்துகளே நடத்த வேண்டியிருந்தது. ஆகவே உயரத்தில் வைத்த நம் பெரியவர்கள் புத்திசாலிகள்தான். ஆனால் ஓட்டு இடுக்கில் ஒழுகும் மழையும் எலியும் உயரத்திலும் உண்டு. காகிதங்களைக் கனமான பிளாஸ்டிக் உறையிலிட்டு, பெட்டியைத் திறப்பின் ஓரத்திலேயே வைத்து, ஒரு நகலைக் கீழே பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் கேட்கும் நாளன்று பாட்டி அவசரமாக ஏற வேண்டிய தேவையே இருக்காது.

வரும் ஞாயிறு டேப்பும் பென்சிலும் மட்டும் எடுங்கள். அளவு ஒத்துவந்தால் அதற்கடுத்த ஞாயிறு ரம்பம். ஒத்துவராவிட்டால், கொக்கி ஏணிக்கு மரம் பார்க்கக் கிளம்புங்கள். முக்காலியை மட்டும் இன்றைக்கே உட்காருவதற்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.